ஒரு பியூரிட்டன் குடும்பத்தைத் தேடி: இன்டர்நெட் ஆர்கைவ் மின்நூலகம் பற்றிய மதிப்பீடு

அமெரிக்காவின் கிழக்குக் கரையில் ஆரம்பகாலத்தில் குடியேறிய ஆங்கிலேயக் குடும்பங்களின் வாழ்க்கையை, அவர்களே எழுதிவைத்த குறிப்புகளின் வழியாகக் கொழும்பில் இருந்தபடி படிக்க விரும்பும் ஒருவருக்கு, இன்டர்நெட் ஆர்கைவ் என்னும் மின்நூலகத்தைவிடப் பயனுள்ள சேவை வேறொன்று இருப்பதாக நான் கருதவில்லை. இலவசமாகக் கிடைக்கிறது என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. ஒரு மனிதரைப் பற்றிப் பின்வந்தவர்கள் சொன்ன கதைகளையும் அந்த மனிதர் தாமே எழுதியவற்றையும் அருகருகே திறந்து வைத்து ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பு, ஒரு காலத்தில் பெரிய பல்கலைக்கழக நூலகங்களுக்குள் நுழைய முடிந்தவர்களுக்கே கிட்டியது. வெள்ளவத்தையில் ஒரு வீட்டு மேசையில் அதே வாய்ப்பு இன்று கிடைக்கிறது என்பதே இந்தச் சேவையின் முதற் பெருமை.

ஒரு நூலகத்தைப் பொதுவாகப் புகழ்வதால் வாசகருக்குப் பயன் இல்லை. ஆகவே ஒரே ஒரு குடும்பத்தை எடுத்துக்கொண்டு, அதைப் பற்றி இந்த மின்நூலகம் எவ்வளவு தூரம் அழைத்துச் செல்கிறது, எங்கே நின்றுவிடுகிறது என்பதைச் சொல்ல விரும்புகிறேன். நான் தெரிவுசெய்தது, இங்கிலாந்துத் திருச்சபையை வேதத்தின்படி தூய்மைப்படுத்த வேண்டும் என்ற பியூரிட்டன் பிரிவைச் சேர்ந்த போதகர் ஜோன் லோத்ரொப்பின் குடும்பம். 1584 டிசம்பரில் யோர்க்ஷயரின் எட்டன் என்ற ஊரில் ஞானஸ்நானம் பெற்று, கேம்பிரிட்ஜ் குயின்ஸ் கல்லூரியில் படித்து, கென்ட் பிரதேசத்தில் குருவானவராகப் பணியாற்றி, இங்கிலாந்துத் திருச்சபையின் ஒழுங்குகளை ஏற்க மனம் இடங்கொடாமல் 1623 அளவில் அந்தப் பதவியை விட்டு விலகியவர் அவர். பின்னர் இலண்டனில் இரகசியமாகக் கூடிய ஒரு சபைக்குப் போதகராகி, சிறைப்பட்டு, மனைவியை இழந்து, 1634இல் பிள்ளைகளோடு கடல் கடந்து நியூ இங்கிலாந்துக்குப் போய், 1653இல் கேப் கொட் குடாநாட்டின் பார்ன்ஸ்டபிள் என்ற ஊரில் இறந்தார். அவர் கென்ட்டில் பிரசங்கித்துக்கொண்டிருந்த 1619இல்தான் யாழ்ப்பாண இராச்சியம் போர்த்துக்கேயர் வசமானது. அவர் இறந்து மூன்று ஆண்டுகளில், 1656இல், கொழும்புக் கோட்டை ஒல்லாந்தர் கைக்குப் போனது. இந்தக் கால ஒற்றுமையை மனத்தில் வைத்துக்கொண்டால் அந்தத் தலைமுறையை நமக்குத் தெரிந்த வரலாற்றோடு சேர்த்து நினைத்துப் பார்க்க முடிகிறது.

இந்தக் குடும்பத்தைத் தெரிவுசெய்தமைக்கு வேறொரு காரணமும் உண்டு. யாழ்ப்பாணத்தில் 1824இல் உடுவில் பெண்கள் விடுதிப் பாடசாலையைத் தொடங்கிய ஹாரியட் வின்சுலோ அம்மையார், மணமாவதற்கு முன் ஹாரியட் லாத்ரொப். கனெக்டிகட் மாநிலத்தின் நோரிச் நகரில் 1796இல் பிறந்தவர். அந்த நகரத்து லாத்ரொப் குடும்பங்கள், ஜோன் லோத்ரொப்பின் மகன் சாமுவேலின் வழிவந்தவை. 1862இல் வெளியான வின்சுலோ அகராதியைத் தமிழ் படித்த எவரும் அறிவர். அதைத் தொகுத்த மைரன் வின்சுலோவின் மனைவி இவர். ஆகவே உடுவிலில் படித்த தாய்மாரையும் பாட்டிமாரையும் உடைய கொழும்புத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு இது முற்றிலும் அந்நியமான வரலாறு அன்று.

சேவையைப் பற்றிய அடிப்படைத் தகவல்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இன்டர்நெட் ஆர்கைவ், புரூஸ்டர் கேல் என்பவரால் 1996இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கப்பட்ட இலாப நோக்கற்ற நிறுவனம். பழைய இணையத்தளங்களின் பிரதிகளைச் சேமிப்பதில் ஆரம்பித்து, பின்னர் நூலகங்களோடு சேர்ந்து புத்தகங்களை ஸ்கான் செய்து வெளியிடுவதில் இறங்கியது. குடும்ப வரலாறு தேடுவோருக்கு முக்கியமான செய்தி, இந்தியானா மாநிலத்தின் அலன் மாவட்டப் பொது நூலகம் தன் வம்சவரலாற்றுத் தொகுப்பிலிருந்து ஏராளமான புத்தகங்களை இதன்வழி வெளியிட்டிருப்பது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அச்சான ஊர் வரலாறுகள், குலவரலாறுகள், சபைப் பதிவேடுகள் ஆகியன இங்கே குவிந்து கிடப்பதற்கு இத்தகைய நூலகங்களே காரணம். பதிப்புரிமைக் காலம் கடந்த புத்தகங்களைப் படிக்கக் கணக்குத் திறக்க வேண்டியதில்லை, கட்டணமும் இல்லை. திரையில் பக்கம் பக்கமாகப் புரட்டலாம், புத்தகத்துக்குள் சொல்லைத் தேடலாம், பி.டி.எப் ஆகவோ வெறும் எழுத்துக் கோப்பாகவோ இறக்கிக்கொள்ளலாம். ஈழத்துத் தமிழ் எழுத்துகளுக்கு ‘நூலகம்’ என்னும் இணையத்தளம் செய்துவருவதை உலகப் பொதுவில் செய்யும் முயற்சி என்று சொன்னால் நம்மவருக்கு எளிதில் விளங்கும்.

இனி லோத்ரொப்பிடம் வருகிறேன். அவரைப் பற்றி இணையத்தில் சாதாரணமாகத் தேடுபவருக்கு முதலில் கிடைப்பவை இரண்டு கதைகள். கப்பலில் இரவு வேதம் வாசித்துக்கொண்டிருந்தபோது அவர் கண்ணயர்ந்துவிட, சூடான மெழுகு விழுந்து பக்கங்கள் பல கருகித் துளைபட்டன என்றும், அவர் கடதாசித் துண்டுகளை ஒட்டி, அழிந்த வசனங்களை நினைவிலிருந்தே எழுதி நிரப்பினார் என்றும் ஒரு கதை. 1605இல் அச்சான அந்த வேதப்புத்தகம் பார்ன்ஸ்டபிளில் அவருக்காக 1644இல் கட்டப்பட்ட வீட்டிலேயே இன்றும் இருக்கிறது. அந்த வீடு இப்பொழுது ஸ்டர்ஜிஸ் நூலகம் என்ற பொது நூலகம். அவர் சிறையில் இருந்தபோது தாய் இறந்துபோன பிள்ளைகள், லாம்பெத் அரண்மனைக்குச் சென்று வில்லியம் லோட் பேராயரிடம் தங்கள் நிலையைச் சொல்லி இரந்தார்கள் என்பது மற்றக் கதை. இரண்டும் நெஞ்சைத் தொடுபவை. இரண்டும் வலைப்பக்கம் வலைப்பக்கமாகப் படியெடுக்கப்பட்டு வருபவை.

இந்த மின்நூலகத்தின் அருமை இங்கேதான் தெரிகிறது. பிள்ளைகள் பேராயரிடம் சென்ற கதையைப் பின்தொடர்ந்து போனால், பார்ன்ஸ்டபிள் அடங்கிய பிளிமத் குடியேற்றத்தின் செயலாளராக இருந்த நத்தானியல் மோர்ட்டன் 1669இல் வெளியிட்ட வரலாற்றுக்கு வந்து சேர்கிறோம். லோத்ரொப் இறந்து பதினாறு ஆண்டுகளே கடந்திருந்த காலத்தில், அவருடைய பிள்ளைகளும் சபையாரும் உயிரோடு இருந்தபோது, அதே குடியேற்றத்தில் இருந்த ஒருவர் எழுதியது என்பதால் அந்தக் கதைக்கு ஓரளவு கனம் இருக்கிறது. வேதப்புத்தகக் கதைக்கோ கண்முன் நிற்கும் சான்று ஒட்டுப்போட்ட அந்தப் பக்கங்கள்தான்; கப்பலும் மெழுகும் குடும்ப வழக்காக வந்து சேர்ந்தவை. இந்த வேறுபாட்டை எந்தச் சுருக்கக் கட்டுரையும் எனக்குச் சொல்லவில்லை. மூல நூல்களை ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்து பார்த்தபோதுதான் விளங்கியது.

அவருடைய சொந்தக் குறிப்பேட்டின் கதையே தனி. நியூ இங்கிலாந்தில் முதலில் குடியேறிய சிச்சுவேட் என்ற ஊரிலும் பின்னர் பார்ன்ஸ்டபிளிலும் தம் சபையில் நடந்த ஞானஸ்நானங்கள், திருமணங்கள், அடக்கங்கள், உபவாச நாட்கள், ஸ்தோத்திர நாட்கள் ஆகியவற்றை லோத்ரொப் ஒழுங்காக எழுதிவந்தார். மூல ஏடு இன்று இல்லை. 1769இல் அதைக் கண்ட எஸ்ரா ஸ்டைல்ஸ் என்ற போதகர், பிற்காலத்தில் யேல் கல்லூரியின் தலைவரானவர், படியெடுத்து வைத்தார். அந்தப் படியிலிருந்து 1855, 1856 ஆண்டுகளில் நியூ இங்கிலாந்து வம்சவரலாற்றுக் கழகத்தின் காலாண்டிதழ் அதை அச்சிட்டது. பாஸ்டனில் அச்சான அந்த இதழ்த் தொகுதிகளை இன்று கொழும்பிலிருந்து பக்கம் புரட்டிப் படிக்கலாம். ஒரு படியெடுப்பாளரும் ஒரு கழகமும் ஒரு நூலகமும் ஒருவர் பின் ஒருவராகத் தம் கடமையைச் செய்திராவிட்டால் இந்த எழுத்துகள் நம்மிடம் வந்திரா.

அந்தக் குறிப்புகளில் உணர்ச்சி வெளிப்பாடு என்று எதுவும் இல்லை. ஆயினும் ஒரு குடும்பத்தின் வாழ்க்கை வரிக்கு வரி வெளிச்சத்துக்கு வருகிறது. 1634 செப்டெம்பர் இறுதியில் தாம் சிச்சுவேட்டுக்கு வந்தபோது அங்கே ஒன்பது வீடுகளே இருந்தன என்று எழுதி, ஒவ்வொன்றும் யாருடையது என்று பெயர் குறித்து, எல்லாமே கம்புகளை நிரையாக நட்டுக் கட்டிய சிறிய, எளிய வீடுகள் என்று முடிக்கிறார். இலண்டனிலிருந்து வந்த, கேம்பிரிட்ஜில் படித்த ஒருவர், தாயில்லாத பிள்ளைகளோடு குளிர்காலத்துக்கு முன் வந்து இறங்கிய இடம் இது. அடுத்தடுத்துக் கட்டப்பட்ட வீடுகளையும் அவர் வரிசைப்படி சேர்த்துக்கொண்டே போகிறார். அந்தப் பட்டியலைப் படிக்கும்போது ஓர் ஊர் கண்முன்னே வளர்வதைப் பார்க்கிறோம். எந்த வருணனையும் இதற்கு ஈடாகாது என்பது என் எண்ணம்.

என்னை அதிக நேரம் நிறுத்தி வைத்தது மகள் ஜேனின் திருமணக் குறிப்பு. 1635 ஏப்ரல் 8ஆம் நாள், ஜேம்ஸ் கட்வர்த்தின் வீட்டில், சாமுவேல் ஃபுல்லருக்கும் ஜேனுக்கும் திருமணம் நடந்தது. நடத்தி வைத்தவர் பிளிமத் குடியேற்றத்தின் தளபதியும் நீதவானுமான மைல்ஸ் ஸ்டாண்டிஷ். மணமகன், பிளிமத்தின் முதற் குடியேறிகளை 1620இல் ஏற்றிவந்த மேஃபிளவர் கப்பலில் பெற்றோரோடு வந்து, முதற் குளிர்காலத்திலேயே இருவரையும் இழந்தவர். மணமகளின் தந்தை ஊரின் போதகர். ஆயினும் அவர் திருமணத்தை நடத்தவில்லை, சபை மண்டபத்திலும் அது நடக்கவில்லை. திருமணம் நீதவானின் முன் செய்யும் குடியியல் ஒப்பந்தம், திருச்சபையின் சடங்கு அன்று என்பது அந்த மக்களின் உறுதியான கொள்கை. ஆலயத் திருமணத்தை விட்டால் வேறு திருமணம் இல்லை என்று எண்ணும் நம் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு இது வியப்பாக இருக்கும். சொந்த மகளின் திருமணத்தில்கூடக் கொள்கையை விட்டுக்கொடாத ஒரு தந்தையை, அவரே எழுதிய ஒற்றை வரியில் நேருக்கு நேர் சந்திக்கிறோம்.

பெண்கள் இந்தக் குறிப்புகளில் எவ்வளவு மங்கலாகத் தெரிகிறார்கள் என்பதையும் சொல்லவேண்டும். முதல் மனைவி ஹனா, கணவர் சிறையிலிருந்த காலத்தில் இறந்தார். 1632 ஏப்ரல் 22ஆம் நாள் இலண்டன் பிளாக்ஃபிரையர்ஸில் ஒரு வீட்டில் கூடியிருந்தபோது லோத்ரொப்பும் சபையார் 42 பேரும் பிடிபட்டார்கள். ஏனையோர் விடுதலையான பின்னும் போதகரை மட்டும் 1634 வரை விடவில்லை. அந்தக் காலத்தில் தம் மரணம்வரை வீட்டைத் தாங்கியவர் ஹனா. லோத்ரொப்பின் இரண்டாம் மனைவியோ, 1635 ஜூனில் சபையில் சேர்க்கப்பட்டபோது குறிப்பேட்டில் ‘என் மனைவி’ என்று மட்டுமே வருகிறார். பெயர் இல்லை. பர்னபாஸ், அபிகேல், பத்சூவா முதலிய பிள்ளைகளைப் பெற்று வளர்த்த அந்தத் தாயின் பிறந்த குடும்பம் எது என்பதில் வம்சவரலாற்றாளர்கள் இன்றும் ஒத்துப்போகவில்லை. அவர் எழுதாமல் விட்ட ஒரு பெயருக்காக நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக ஆட்கள் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

உபவாச நாட்களுக்கும் ஸ்தோத்திர நாட்களுக்கும் அவர் எழுதிய குறிப்புகள் இன்னொரு செல்வம். பியூரிட்டன்கள் கிறிஸ்துமஸ், உயிர்த்த ஞாயிறு போன்ற பண்டிகைகளைக் கொண்டாடுவதில்லை. அவற்றுக்கு வேதத்தில் ஆதாரம் இல்லை என்பது அவர்கள் முடிவு. வரட்சி, நோய், கருத்து வேறுபாடு வந்தால் உபவாச நாள்; நல்ல விளைச்சலோ விடுதலையோ கிடைத்தால் ஸ்தோத்திர நாள். 1636 டிசம்பர் 22இல் நடந்த ஸ்தோத்திர நாளில், காலை ஒன்பது மணிக்கு அரை மணி முன்பே தொடங்கிய ஆராதனை பன்னிரண்டு மணிக்குப் பிறகும் நீடித்தது என்றும், அதன்பின் விருந்துண்டு மகிழ்ந்தார்கள் என்றும், வசதியுள்ளவர்கள் வறியவர்களைத் தங்கள் வீட்டுக்கு அழைத்தார்கள் என்றும் எழுதியிருக்கிறார். 1639இல் பார்ன்ஸ்டபிளுக்கு வந்து சேர்ந்த சில வாரங்களில், டிசம்பர் 11ஆம் நாள், அதேபோல ஆராதனை முடித்து மூன்று கூட்டமாகப் பிரிந்து மூன்று வீடுகளில் சாப்பிட்டார்கள். எந்தெந்த வீடு என்பதும் இருக்கிறது. கறுப்பு உடையும் கடுகடுத்த முகமுமாகவே நாம் கற்பனை செய்து பழகிவிட்ட மக்கள், பகிர்ந்துண்பதை வழிபாட்டின் பகுதியாகவே கருதினார்கள் என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று வேண்டியதில்லை.

ஊர் விட்டு ஊர் போனதன் காரணமும் இந்த நூல்களைச் சேர்த்துப் படிக்கும்போதே தெளிவாகிறது. முழுக்கு ஞானஸ்நானமா, தெளிப்பு ஞானஸ்நானமா, குழந்தைக்கா, வளர்ந்தவருக்கா என்ற வாதம் இலண்டனிலேயே சபையைப் பிளந்திருந்தது; சிச்சுவேட்டிலும் அது கூடவே வந்தது. நம் ஊர்ச் சபைகளுக்கு இந்த வாதம் புதிதல்ல. ஆனால் அதோடு வேறொன்றும் சேர்ந்திருந்தது: மாடுகளுக்குப் புல் போதவில்லை. நீண்ட குளிர்காலத்தில் மாடுகள் உயிர்பிழைக்க வைக்கோல் வேண்டும்; காடு வெட்டிப் புல்தரை உண்டாக்கப் பல ஆண்டுகள் செல்லும். பார்ன்ஸ்டபிளிலோ கடலோரச் சதுப்பு நிலத்தில் உவர்ப்புல் தானாகவே பரந்து வளர்ந்திருந்தது, அறுத்துக் காயவைத்தால் போதும். லோத்ரொப் 1638இல் ஆளுநர் தோமஸ் பிரென்சுக்குத் தம் மக்களுக்கு வேறிடம் தரும்படி உருக்கமாகக் கடிதம் எழுதினார். மறுவருடம் ஒக்டோபரில் சபையின் பெரும்பகுதி அவருக்குப் பின் பார்ன்ஸ்டபிளுக்குப் பெயர்ந்தது. கொள்கையையும் மாட்டுத் தீவனத்தையும் ஒரே மூச்சில் யோசிக்க வேண்டியிருந்த வாழ்க்கை அது.

அந்த நிலம் வெறுமையாகக் கிடந்த நிலம் அன்று. வம்பனோவாக் என்ற பூர்வகுடி மக்களின் ஊர்கள் அங்கே இருந்தன. 1616 முதல் 1619 வரை பரவிய கொள்ளைநோய் அந்தக் கரையோர மக்களில் மிகப் பலரைக் கொன்றதன் பின்னரே ஆங்கிலேயர் வந்தார்கள். 1644இல் பார்ன்ஸ்டபிளின் பெரியதொரு பகுதியை, செரங்க் என்ற பூர்வகுடித் தலைவரிடமிருந்து நான்கு மேலங்கிகளுக்கும் மூன்று கோடரிகளுக்கும் குடியேறிகள் வாங்கினார்கள் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டு ஊர் வரலாறு பதிவு செய்திருக்கிறது. லோத்ரொப்புக்குப் புதிய வீடு கட்டப்பட்டதும் அதே ஆண்டில்தான். மனச்சாட்சிக்காகச் சிறை சென்ற மக்கள் இன்னொரு மக்களின் நிலத்தை எந்த விலைக்கு எடுத்துக்கொண்டார்கள் என்பதைச் சொல்லாமல் இந்தக் குடும்பத்தின் கதையைச் சொல்வது நேர்மையாகாது. பழைய குலவரலாறுகள் இதைப் பெருமையாகவே எழுதிச் செல்கின்றன. இந்த மின்நூலகத்தில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை அந்தக் காலத்து வெள்ளையர் எழுதியவை என்பதால், வாசகர் விழிப்போடு படிக்கவேண்டும். இது சேவையின் குறை அன்று, தொகுப்பின் இயல்பு.

சேவையின் குறைகள் என்று சொல்லத்தக்கவை வேறு. முதலாவது, உள்ளடக்கத் தேடல். ஸ்கான் செய்த பக்கங்களைக் கணினி தானாக வாசித்து எழுத்தாக்குகிறது. பழைய அச்செழுத்துகளையும் பதினேழாம் நூற்றாண்டு எழுத்துக்கூட்டலையும் அது பல இடங்களில் தவறாகவே வாசிக்கிறது. லோத்ரொப் என்ற பெயரையே பழைய ஏடுகள் நான்கைந்து விதமாக எழுதுகின்றன, சிச்சுவேட்டும் அப்படியே. ஒரு வடிவத்தை மட்டும் தட்டச்சிட்டுத் தேடினால் பாதிக்கு மேல் கைநழுவிப் போகும். ஆகவே பெயரைத் தேடுவதைவிட ஆண்டையோ, உடனிருந்த வேறொருவரின் பெயரையோ தேடுவதும், நூலின் பின்னுள்ள அகரவரிசைப் பெயர்ப் பட்டியலை நேரடியாகப் பார்ப்பதும் நல்ல பலன் தரும். இரண்டாவது, ஒரே நூல் வெவ்வேறு நூலகங்களிலிருந்து பலமுறை ஏற்றப்பட்டிருக்கிறது. சிலவற்றின் முகப்பு விவரத்தில் தொகுதி எண் இருப்பதில்லை. குறிப்பேடு அச்சான காலாண்டிதழின் ஒன்பதாம், பத்தாம் தொகுதிகளைத் தேடுபவர் தலைப்புப் பக்கத்தைத் திறந்து உறுதிசெய்த பிறகே இறக்கவேண்டும்.

பெரிய குறை புதிய ஆய்வு நூல்களைப் பற்றியது. பதிப்புரிமை உள்ள புத்தகங்களை மின்வடிவில் இரவல் கொடுத்தமைக்காகப் பெரிய பதிப்பகங்கள் சில 2020இல் வழக்குத் தொடர்ந்தன. 2023இல் தீர்ப்பு இந்த நிறுவனத்துக்கு எதிராக வந்தது, 2024 செப்டெம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. அதன் விளைவாக இலட்சக்கணக்கான புத்தகங்கள் இரவல் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. ஆகவே 1884இல் அச்சான லோத்ரொப் குலவரலாற்றை முழுமையாகப் படிக்க முடிகிற நமக்கு, அதன் பிழைகளைத் திருத்திய அண்மைக்கால ஆய்வுகள் பல எட்டாமல் போகின்றன. எழுத்தாளரின் உரிமையை நான் மதிக்கிறேன். ஆனால் அந்தப் புத்தகங்களை அமெரிக்க விலைக்கும் தபால் செலவுக்கும் வாங்க முடியாத நாடுகளில் இருக்கும் வாசகர்களை இந்த வழக்கில் எவரும் நினைத்ததாகத் தெரியவில்லை. அதே 2024 ஒக்டோபரில் இணையத் தாக்குதல் ஒன்றினால் தளம் சில நாட்கள் முடங்கி, கோடிக்கணக்கான பயனர்களின் கணக்கு விவரங்களும் கசிந்தன. கணக்குத் திறப்பவர்கள் வேறெங்கும் பயன்படுத்தாத கடவுச்சொல்லை வைத்துக்கொள்வதும், முக்கியமான நூல்களை உடனுக்குடன் இறக்கிச் சேமித்துக்கொள்வதும் புத்திசாலித்தனம்.

கூடவே பயன்படுத்தத்தக்க இன்னொரு சேவையைக் குறிப்பிடவேண்டும். ஃபமிலிசேர்ச் என்ற இலவச வம்சவரலாற்றுத் தளம், பிற்காலப் பரிசுத்தவான்களின் சபை எனப்படும் மோர்மன் திருச்சபையால் நடத்தப்படுகிறது. அந்தத் திருச்சபையைத் தோற்றுவித்த ஜோசப் ஸ்மித் லோத்ரொப்பின் வழிவந்தவர். அமெரிக்க ஜனாதிபதிகளான யுலிசிஸ் கிராண்டும் இரு புஷ்களும் அப்படியே. எனவே இந்தக் குடும்பத்தின் கிளைகள் அங்கே மிக விரிவாகக் கிடைக்கின்றன. சாமுவேல் தந்தையோடு சிறுவனாக வந்து, தச்சுத்தொழில் செய்து, நியூ லண்டனுக்கும் பின்னர் 1668இல் நோரிச்சுக்கும் பெயர்ந்த பாதையைத் தலைமுறை தலைமுறையாக வரைபடத்தில் பார்ப்பது தெளிவைத் தருகிறது. ஆனால் அது பலரும் சேர்ந்து எழுதும் ஒரே பொது மரம். ஒவ்வொரு பெயருக்கும் கீழே ஆதாரம் காட்டப்பட்டிருக்கிறதா என்று பார்க்காமல் எதையும் எடுத்துக்கொள்ளக்கூடாது. ஆதாரத்தில் சொல்லப்பட்ட நூலை இன்டர்நெட் ஆர்கைவில் திறந்து, உரிய பக்கத்தை வாசித்த பின்பே நான் ஒரு தகவலை ஏற்றுக்கொள்கிறேன். இரண்டு சேவைகளும் இவ்வாறு ஒன்றையொன்று தாங்கி நிற்கும்போதே முழுப்பயன் கிடைக்கிறது.

தேதிகளில் ஒரு சிறு எச்சரிக்கை. அக்கால ஆங்கிலேயருக்கு ஆண்டு மார்ச் 25இல்தான் பிறந்தது. ஆகவே 1634 ஜனவரி 8இல் சிச்சுவேட் சபையார் உபவாசமிருந்து உடன்படிக்கை செய்தார்கள் என்று குறிப்பேட்டில் இருந்தால், நம் கணக்கில் அது 1635. இதை அறியாதவருக்கு, கப்பல் வந்து சேர்வதற்கு முன்பே சபை தொடங்கிவிட்டதாகத் தோன்றும். கிரிஃபின் என்ற அந்தக் கப்பல் பாஸ்டனுக்கு வந்தது 1634 செப்டெம்பர் 18இல். அதே கப்பலில் வந்த இன்னொரு பயணி, சமயக் கருத்துக்காகப் பின்னர் மசச்சூசெட்சிலிருந்து வெளியேற்றப்பட்ட ஆன் ஹட்சின்சன் அம்மையார். அதற்கு முன் மசச்சூசெட்சின் ஆளுநராக இருந்த ஜோன் வின்த்ரொப்பின் நாட்குறிப்பிலும் அந்தக் கப்பலின் வருகை இருக்கிறது. பாஸ்டன் சபையின் திருவிருந்தில் உடனிருக்க லோத்ரொப் அனுமதி கேட்டார், ஆனால் தாம் பங்கெடுக்கவில்லை என்றும் அதில் எழுதியிருக்கிறது. தம் சபையின் ஒழுங்கு முறைப்படி அமையும்வரை காத்திருந்த மனிதர். இரண்டு ஆண்டுச் சிறைவாசத்துக்கும் நீண்ட கடற்பயணத்துக்கும் பின் அந்தப் பொறுமை எப்படி வாய்த்தது என்று நினைக்கும்போது அவர்மீது மரியாதை கூடுகிறது.

அவருடைய மரணசாசனத்தின் சுருக்கமும் இந்த நூல்களில் உண்டு. வீடுகளை மனைவிக்கும் மூத்த மகன் தோமசுக்கும் பிரித்துக்கொடுத்து, பிள்ளைகளுக்குப் பசுக்களைக் கொடுத்தவர், ஒவ்வொரு பிள்ளையும் வயது ஒழுங்கில் தனக்கென ஒரு புத்தகத்தைத் தெரிந்தெடுத்துக்கொள்ளட்டும் என்றார். எஞ்சிய நூல்களை, அவற்றைப் பயன்படுத்தத் தெரிந்த நேர்மையான எவருக்காவது விற்கும்படி சொல்லியிருக்கிறார். பசுவும் புத்தகமுமே அவர் பிள்ளைகளுக்கு விட்ட சொத்து. நோரிச்சில் வளர்ந்து, 1819இல் கப்பலேறி, உடுவிலில் பெண்பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்து, 1833இல் அங்கேயே இறந்த ஹாரியட்டின் வாழ்க்கை வரலாறும் இதே மின்நூலகத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அவர் கணவரே எழுதியது. கடிதங்களும் நாட்குறிப்பும் நிறைந்தது. லோத்ரொப்பின் குறிப்பேட்டையும் இதையும் அடுத்தடுத்துப் படிக்குமாறு உடுவில் பழைய மாணவிகளுக்குச் சிறப்பாகப் பரிந்துரைக்கிறேன். இரண்டு நூற்றாண்டு இடைவெளியிலும் உபவாச நாள், சுயபரிசோதனை, பிள்ளைகளின் படிப்பு பற்றிய கவலை ஆகியவை மாறாமல் தொடர்வதை அவர்கள் தாமே கண்டுகொள்வார்கள்.

நடைமுறைச் செய்திகள் சில. ஸ்கான் பி.டி.எப் கோப்புகள் பல பத்து மெகாபைட் கனமுள்ளவை. கைத்தொலைபேசி டேட்டாவில் படிப்பவர்கள் எழுத்துக் கோப்பை முதலில் இறக்கி, தேவையான இடத்தைக் கண்டுபிடித்து, பின்னர் அந்தப் பக்கத்தை மட்டும் தளத்தில் திறந்து பார்ப்பது சிக்கனம். கைத்தொலைபேசித் திரையில் ஒற்றைப் பக்கக் காட்சியே கண்ணுக்கு இதம். மூத்தவர்களுக்குக் கொடுப்பதானால், குறிப்பேட்டின் சில பக்கங்களை மட்டும் அச்செடுத்துக் கொடுக்கலாம். காலி வீதியில் அச்செடுத்துக் கொடுக்கும் கடைகளுக்குக் குறைவில்லை, நூல்களும் பதிப்புரிமைக் காலம் கடந்தவை. ஆங்கிலம் பழையது என்பதால் தொடக்கத்தில் தடுமாறும். சத்தமாக வாசித்தால் பெரும்பாலான சொற்கள் பிடிபட்டுவிடுகின்றன. பாடசாலைகளில் வரலாறு படிப்பிக்கும் ஆசிரியர்கள் சிச்சுவேட்டின் ஒன்பது வீட்டுப் பட்டியலையும் ஜேனின் திருமணக் குறிப்பையும் மாணவருக்குக் கொடுத்து, அவற்றிலிருந்து என்னென்ன தெரிகின்றன என்று கேட்டுப் பார்க்கலாம். உயர்தர வகுப்புக்கு அது ஒரு பாடவேளைக்குப் போதிய வேலை.